கொல்லையை மூடிய உண்ணிச்செடியை எடுப்பது எப்படி? ஒருமுறை ஏமாந்தவன் சொல்கிறேன்

ஒடுகத்தூர் பக்கம், ஜவ்வாது மலை அடிவாரத்தில் எங்களுக்கு 40 சென்ட் மானாவாரிக் கொல்லை இருக்கிறது. நாலு வருடம் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. போய்ப் பார்த்தபோது பாதிக் கொல்லை காணோம், ஆள் உயரத்துக்கு உண்ணிச்செடி, அதாவது லாண்டானா, நின்றது. பூ பார்க்க அழகாகத்தான் இருந்தது. நானும் அதை அலட்சியமாக எடுத்துக்கொண்டு ஒரு ஜேசிபியை வரவழைத்து, ஐந்து மணி நேரம் ஓட்டி, 6,500 ரூபாய் கொடுத்து, தரையைச் சுத்தமாக்கிவிட்டதாகப் போட்டோ எல்லாம் எடுத்து வீட்டுக்கு அனுப்பினேன். ஐப்பசி மழை முடிந்ததும் போய்ப் பார்த்தால், ஒரு செடி இருந்த இடத்தில் பத்துக் குருத்து. அடுத்த வருடம் வேறு மாதிரி செய்தேன், அதுதான் பலித்தது. அந்த வழியைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். புதிதாக நிலம் வாங்கியவர்கள், ஊருக்குத் திரும்பி வந்தவர்கள், வீட்டு வேலிக்கு ஆசையாக இதை நட்டுவிட்டு இப்போது முழிக்கிறவர்கள், எல்லாருக்கும் பொருந்தும்.

1. அது உண்ணிச்செடிதானா என்று முதலில் உறுதி செய்யுங்கள்

பூ இருந்தால் சுலபம். ஒரு ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிய கொத்து, அதில் நடுவில் இருக்கும் சின்னப் பூக்கள் மஞ்சளாகவும், ஓரத்தில் இருப்பவை ரோஸ் அல்லது ஆரஞ்சாகவும் இருக்கும். புதிதாக விரிந்த பூ மஞ்சள், பழசானால் நிறம் மாறும், அதனால்தான் ஒரே கொத்தில் இரண்டு மூன்று நிறம் தெரிகிறது. காய் பச்சையாகக் கொத்துக் கொத்தாக, மிளகைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். பழுத்தால் மணத்தக்காளிப் பழம் போல மினுமினுக்கும் கருப்பு.

பூ இல்லாத காலத்தில்தான் குழப்பம். அப்போது மூன்று விஷயம் பாருங்கள். இலைகள் எதிரெதிராக ஜோடியாக இருக்கும், ஓரம் ரம்பம் மாதிரி, மேல்பக்கத்தைத் தடவினால் உப்புத்தாள் போலச் சொரசொரக்கும். இளந்தண்டை விரலுக்கு நடுவில் வைத்து உருட்டுங்கள், உருளாது, நாலு பட்டையாக இருக்கும், அதில் பின்பக்கமாக வளைந்த சின்ன முள் சட்டையைப் பிடித்துக்கொள்ளும். கடைசியாக இலையைக் கசக்கி முகர்ந்து பாருங்கள். அந்த நெடியை ஒருமுறை முகர்ந்தால் அப்புறம் மறக்காது.

நொச்சிக்கு ஒரே காம்பில் மூன்று அல்லது ஐந்து இலை விரல் விரித்த மாதிரி இருக்கும், முள்ளே கிடையாது. அதை வெட்டிவிடாதீர்கள், வேலிக்கு வேண்டும். சூரைமுள்ளும் கொக்கி மாதிரி பிடிக்கும், கருப்பாகப் பழுக்கும், ஆனால் அதன் இலை ஜோடியாக இருக்காது, ஒன்றுவிட்டு ஒன்றாக மாறி மாறி வரும். நான் அவசரத்தில் இரண்டு சூரைப் புதரைச் சேர்த்தே எடுத்துவிட்டேன், பக்கத்துக் கொல்லைப் பிள்ளைகள் இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறார்கள். அப்புறம், முளைத்து ஒரு சாண் உயரம் இருக்கும் கன்று நாய்த்துளசி மாதிரியே தெரியும். சந்தேகம் வந்தால் கசக்கிப் பாருங்கள், மூக்கு சொல்லிவிடும். அதற்கும் தெளியவில்லையா, ஒரு கிளையைப் பையில் போட்டுக்கொண்டு விரிஞ்சிபுரத்தில் இருக்கும் வேளாண் அறிவியல் நிலையத்துக்குப் போய்க் காட்டுங்கள்.

2. ஆடு மாடு இருந்தால் வேலைக்கு முன்னால் இதைப் படியுங்கள்

இந்த இலை கால்நடைக்கு விஷம், ஈரலைத்தான் முதலில் கெடுக்கும். உள்ளூர் மாடு பழகியிருக்கும், பெரும்பாலும் வாய் வைக்காது. ஆபத்து எல்லாம் வெளியூரிலிருந்து புதிதாக வாங்கி வந்த மாட்டுக்கும், கோடையில் பசியோடு அலையும் மாட்டுக்கும்தான். வெட்டிய செடியைக் கொட்டகைக்குப் பக்கத்தில் குவித்து வைக்கிறார்களே, அது பெரிய தப்பு.

தின்றுவிட்ட மாடு அசை போடாது, சாணி போடாது, கண் மஞ்சளாகும், வெயிலில் நின்றால் மூக்கு நுனியும் தோலில் வெள்ளையாக இருக்கும் இடங்களும் வெந்த மாதிரி உரியும். உடனே நிழலுக்கு ஓட்டி வந்துவிட்டு 1962-க்குப் போன் போடுங்கள், கால்நடை ஆம்புலன்ஸ் எண் அதுதான். நாட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டு ஒரு நாளைக் கடத்தாதீர்கள்.

குழந்தைகளுக்கும் சொல்லி வையுங்கள், பச்சைக் காயை வாயில் போடக்கூடாது.

3. பட்டா, புலப்படம், எல்லைக்கல்: செடியைத் தொடுவதற்கு முன்னால்

இதைப் படித்தால் சிரிப்பீர்கள், களை எடுக்க எதற்குப் பட்டா என்று. நானும் சிரித்தவன்தான். ஜேசிபி ஓட்டிய அன்று, புதர் மூடியதில் கல் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் மேற்குப் பக்கம் ஆறேழு அடி தாண்டிப் போய்விட்டது. அந்தப் பக்கம் காப்புக்காடு. மறுநாள் வனக்காவலர் வந்து நின்றார். களையாகவே இருந்தாலும் காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் எதையும் வெட்டக்கூடாது, மண்ணைக் கிளறக்கூடாது. மன்னிப்புக் கேட்டு, எழுதிக் கொடுத்து, இரண்டு நாள் அலைந்து ஓய்ந்தேன்.

அதனால் இதையெல்லாம் கையில் வைத்துக்கொள்ளுங்கள்:

பட்டா, சிட்டா நகல். தமிழக அரசின் இணையதளத்திலேயே எடுக்கலாம், காசு கிடையாது. கைபேசிக்கு வரும் எண்ணைப் போட்டால் திறக்கும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. பழைய பத்திரத்தில் எல்லாமே வேலூர் மாவட்டம் என்றுதான் இருக்கும், ஆனால் 2019-ல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்துவிட்டது. ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் என்றால் திருப்பத்தூர் மாவட்டத்திலும், ஆற்காடு, வாலாஜா, அரக்கோணம் என்றால் ராணிப்பேட்டையிலும் தேடுங்கள். வட்டமும் மாறியிருக்கலாம். கிடைக்கவில்லை என்று பயந்துபோய் இடைத்தரகருக்கு 500 ரூபாய் கொடுத்தவரை எனக்குத் தெரியும்.

புலப்படம். அதே தளத்தில், சர்வே எண்ணும் உட்பிரிவும் கொடுத்தால் வரும். எந்தப் பக்கம் எத்தனை மீட்டர் என்று அதில் இருக்கும்.

அ-பதிவேடு. பக்கத்து சர்வே எண்ணையும் போட்டுப் பாருங்கள். அது தனியார் பட்டாவா, ஓடைப் புறம்போக்கா, காடா என்று தெரிந்துவிடும். ஓடைக்கரையில் இருக்கும் செடியை எடுக்க வேண்டும் என்றால் நீங்களாக இறங்காதீர்கள், கிராம நிர்வாக அலுவலரிடமும் ஊராட்சியிலும் சொல்லிவிட்டு அப்புறம் செய்யுங்கள்.

கல் கிடைக்கவே இல்லை என்றால் நில அளவைக்கு மனு போட வேண்டும், இணையத்திலேயே போடலாம். அளவையர் தேதி குறித்து, பக்கத்து நிலத்துக்காரருக்கும் தகவல் கொடுத்துவிட்டுத்தான் வருவார். எனக்கு மனு போட்ட நாளிலிருந்து அளந்து முடிய ஐந்து வாரம் ஆனது. ஆக, வேலை தொடங்க நினைக்கும் மாதத்துக்கு இரண்டு மாதம் முன்னாலேயே மனுவைப் போட்டுவிடுங்கள்.

பக்கத்துக் கொல்லைக்காரரிடம் வாய்விட்டுப் பேசுவதும் இதே கட்டத்தில் வருகிறது. பொதுவேலியில் இருக்கும் உண்ணிச்செடியை "ஆடு நுழையாம காக்குது, இருக்கட்டும்" என்று அவர் சொல்லக்கூடும். எங்கள் பக்கத்தில் இருந்தவர் அப்படித்தான் சொன்னார். மாற்று வேலி நான் வைத்துத் தருகிறேன் என்றதும் ஒத்துக்கொண்டார்.

4. எந்த மாதம்

கோடை மழை இரண்டு பெய்து மண் இளகியதும் தொடங்கி, ஆடி முடிவதற்குள் முடித்துவிடுங்கள். சித்திரை வெயிலில் நம் ஊர் மண் பாறையாக இருக்கும், கடப்பாரை துள்ளிவிடும், ஆளும் நிற்க மாட்டார்கள். தள்ளிப்போட்டு ஐப்பசி வரை போனால் செடி முழுக்கப் பழம் பிடித்துவிடும், நீங்கள் ஆட்டுகிற ஆட்டத்தில் அத்தனையும் மண்ணில் கொட்டும், மேலே மைனாவும் கொண்டைக்குருவியும் வேறு ஊரெல்லாம் எச்சம் போட்டு விதைத்துவிடும். பூ இருக்கும்போது எடுக்கலாம். பழம் பிடிக்கும் முன் எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான் கணக்கு.

5. ஆள், கருவி, காசு

ஜேசிபி வேண்டவே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், பல ஏக்கர் என்றால் வேறு வழி இருக்காது. ஆனால் அதன் வாளி தண்டைத் தரையோடு ஒடித்துவிட்டு அடிக்கட்டையை உள்ளேயே விட்டுவிடும். அது மட்டுமில்லாமல் கிளைகளை நசுக்கி மண்ணுக்குள் புதைக்கும், ஈரம் பட்டால் அந்தத் துண்டும் வேர் விடும். எனக்கு நடந்தது அதுதான். 40 சென்ட், ஒரு ஏக்கர் அளவுக்குக் கை வேலைதான் லாபம்.

எனக்கு ஆன செலவு இது, உங்கள் ஊரில் கூலி கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். இரண்டு ஆண்கள், ஆளுக்கு 800 வீதம் ஐந்து நாள், 8,000. இரண்டு பெண்கள், ஆளுக்கு 450 வீதம் ஐந்து நாள், 4,500. இந்த வித்தியாசம் நியாயமே இல்லை, ஏனென்றால் வேரை ஒழுங்காக எடுத்தது அவர்கள்தான், ஆனால் ஊர் வழக்கத்தைத் தாண்டிக் கொடுக்கப்போனால் மேஸ்திரி சண்டைக்கு வந்தார், கடைசி நாள் தனியாகக் கொடுத்தேன். டீ, சாப்பாடு 1,500. வெல்டிங் செய்கிறவர்கள் போடும் தோல் கையுறை நாலு ஜோடி 720. துணிக் கையுறை வாங்காதீர்கள், முள் நேராக உள்ளே போய்விடும். கடப்பாரை ஒன்று, நல்ல மண்வெட்டி ஒன்று, அரிவாள் தீட்டிய கூலி எல்லாம் சேர்த்து 1,100. மொத்தம் 15,820. ஜேசிபிக்குக் கொடுத்ததைவிட அதிகம்தான், ஆனால் ஒருமுறை.

காலுக்கு ரப்பர் பூட்ஸ் கட்டாயம். புதருக்கு அடியில் சுருட்டைவிரியன் படுத்திருக்கும், நம் பக்கம் அதற்குக் குறைவே இல்லை. முதலில் நீளக் கொம்பால் புதரைத் தட்டி, ஐந்து நிமிடம் விட்டு அப்புறம் நெருங்குங்கள். குளவிக்கூடு இருக்கிறதா என்றும் அண்ணாந்து பாருங்கள். பாம்பு கடித்தால் கட்டுப் போடாமல், கீறாமல், உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

6. எடுக்கும் முறை

மேலே சொன்னதெல்லாம் தெரிந்து, இது தெரியாவிட்டால் அத்தனையும் வீண்.

இரண்டாம் வருடம் முதல் நாள் நான் அரிவாளால் அடியோடு வெட்டிக்கொண்டே போனேன். வேலைக்கு வந்திருந்த ஒரு பாட்டி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இன்னா நைனா, முடி வெட்டற மாதிரி மேலயே வெட்டிக்கினு கீற, கழுத்துல போடு" என்றார். அப்புறம் அவரே குந்தி உட்கார்ந்து காட்டினார்.

தண்டைச் சுற்றி மண்ணை ஒரு சாண் அகலத்துக்குக் கையால் விலக்கினார். தண்டும் வேரும் சேரும் இடத்தில் சேப்பங்கிழங்கு மாதிரி ஒரு முண்டு. போன வருடம் ஜேசிபி ஒடித்த தழும்பு அதன் மேல் கருப்பாக இருந்தது, தழும்பைச் சுற்றி வெளிர்பச்சையில் கடுகு கடுகாக மொட்டுகள், எண்ணினேன், பதினான்கு. துளிர் எல்லாம் அந்த முண்டிலிருந்துதான் வருகிறது. அதற்குக் கீழே இரண்டு அங்குலத்தில் ஆணிவேரைக் குறி பார்த்து கடப்பாரையால் இரண்டே போடு. சதக்கென்று வந்துவிட்டது. அடியில் விட்டுப்போன வேர் துளிர்க்காது. முண்டு வெளியே வந்தாக வேண்டும், அதுதான் சங்கதி.

வரிசை இப்படி வைத்துக்கொள்ளுங்கள். முதலில் ஒருவர் கவைக்கொம்பால் கிளைகளை ஒதுக்கிப் பிடிக்க வேண்டும். காய், பழம் கண்ணில் பட்டால் அந்தக் கொத்தை மட்டும் முதலில் கத்தரித்து சிமெண்ட் சாக்கில் போட்டுவிடுங்கள். இன்னொருவர் கிளைகளை முழங்கால் உயரத்துக்கு வெட்டித் தள்ளட்டும், தரையோடு வெட்ட வேண்டாம், பிடித்து இழுக்க ஒரு கைப்பிடி வேண்டுமே. அப்புறம் மண்ணை விலக்கி, முண்டுக்குக் கீழே வெட்டி, தூக்கி, அதே இடத்தில் தலைகீழாக, வேர் வானத்தைப் பார்க்க, வெட்டிய கிளைக் குவியலின் மேல் வைத்துவிடுங்கள். முண்டு மண்ணில் படக்கூடாது. பட்டால் மழையில் திரும்பப் பிடித்துக்கொள்ளும், ஒரு குவியலில் எனக்கு அப்படி மூன்று பிழைத்துக்கொண்டன.

வெளி ஓரத்திலிருந்து உள்ளே போங்கள், நடுவிலிருந்து தொடங்கினால் முள்ளுக்குள் மாட்டிக்கொண்டு வெளியே வர வழி இருக்காது. ஒரு ஆள் ஒரு நாளைக்கு எவ்வளவு எடுப்பார் என்பதை செடியின் வயதுதான் முடிவு செய்யும். கட்டைவிரல் பருமன் என்றால் மளமளவென்று போகும், மணிக்கட்டு பருமன் என்றால் ஒன்றுக்கே கால் மணி நேரம்.

7. எடுத்ததை என்ன செய்வது

காய்ந்த குச்சி அடுப்புக்கு ஆகும், ஆனால் சட்டென்று எரிந்துவிடும். பழம் இல்லாத தழையை மரத்தடியில் மூடாக்காகப் போடலாம், பூச்சிவிரட்டிக் கரைசலுக்கு நொச்சி, எருக்கு, வேம்போடு இதையும் சேர்க்கிறவர்கள் இருக்கிறார்கள். பழச் சாக்கை மட்டும் வெயிலில் காய வைத்து, குழியில் போட்டு எரித்துவிட்டேன், பக்கத்தில் இரண்டு குடம் தண்ணீரோடு.

நிற்கிற புதருக்கு அப்படியே தீ வைத்துவிடலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். வேண்டாம். மேலே எரியும், முண்டு எரியாது, சாம்பல் ஆறியதும் முதலில் எழுந்திருப்பது இதுதான். காட்டோரம் என்றால் தீ தாவினால் வழக்கு வேறு. ஓடையிலும் சாலையோரத்திலும் கொட்டாதீர்கள், தண்ணீர் அடுத்த ஊருக்குக் கொண்டுபோகும்.

"குச்சியை வாங்கிக்கொள்வார்கள், நாற்காலி செய்கிறார்கள்" என்றும் ஒருவர் சொன்னார். பொய் இல்லை, நீலகிரிப் பக்கம் பழங்குடி மக்கள் இந்தக் குச்சியில் நிஜ அளவு யானைகளே செய்து அவை 2021-ல் லண்டன் பூங்காக்களில் நின்றன. ஆனால் 40 சென்ட் குச்சிக்கு உங்கள் வாசலில் வண்டி வந்து நிற்கும் என்று காத்திருந்தால் மழை வந்துவிடும்.

8. மருந்து அடிக்கலாமா

கடையில் கேட்டால் கிளைபோசேட் எடுத்து நீட்டுவார்கள். 2022 அக்டோபரில் மத்திய அரசு அதைப் பூச்சி ஒழிப்பு உரிமம் பெற்றவர்கள் மூலம் மட்டுமே அடிக்கலாம் என்று கட்டுப்படுத்திவிட்டது. நீங்களே வாங்கி அடிப்பது சட்டப்படி சரியில்லை, பக்கத்தில் நிலக்கடலையோ ஓடையோ இருந்தால் கேட்கவே வேண்டாம். வெட்டிய கட்டையில் உப்பு கொட்டு, மண்ணெண்ணெய் ஊற்று என்பார்கள். நான் ஒரு மூலையில் உப்பு போட்டுப் பார்த்தேன். செடி துளிர்த்தது, அந்த இடத்தில் புல்தான் முளைக்கவில்லை.

9. மண்ணைச் சும்மா விடாதீர்கள்

வெட்டவெளியாகக் கிடந்தால் விதை முளைக்க அதுவே அழைப்பு. எடுத்து முடித்த பத்து நாளுக்குள் ஏதாவது போடுங்கள். ஆடியில் சணப்பை போட்டால் ஆள் உயரம் வந்து நிழல் கட்டும், பூக்கும்போது மடக்கி உழுதால் உரம். தாமதமாகிவிட்டால் புரட்டாசியில் கொள்ளு. நான் கொள்ளுதான் போட்டேன், கிலோ 90 வீதம் ஐந்து கிலோ, 450 ரூபாய், கொஞ்சம் நெருக்கமாகவே. மாடு இருந்தால் கொழுக்கட்டைப் புல்.

வேலிக்கு மழைக்காலத்தில் கிளுவைப் போத்து (வெட்டிய கிளை) நடுங்கள், இடையிடையே நொச்சியும் ஆடாதொடையும். பக்கத்துத் தோட்டத்தில் கேட்டால் சும்மாவே தருவார்கள். வேலி அடைய இரண்டு வருடம் ஆகும், அதுவரை முள்வெட்டிப் போட்டுச் சமாளிக்க வேண்டும்.

வீட்டுத் தோட்டத்துக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. நர்சரியில் இதையே லாண்டானா என்று தொட்டியில் வைத்து, "இது ஹைப்ரிட், பரவாது" என்று விற்கிறார்கள். சிலது காய்ப்பதில்லை, சிலது காய்க்கிறது. வாங்கியாகிவிட்டது என்றால் காய் பிடிக்கிறதா என்று மட்டும் பாருங்கள், ஒரே ஒரு பச்சைக்காய் தெரிந்தாலும் தொட்டியோடு கவிழ்த்துவிடுங்கள். கத்தரித்த குச்சியைக் குப்பை மேட்டில் எறியாதீர்கள்.

10. கன்று பிடுங்கும் வேலை

மண்ணில் கிடக்கும் விதை ஒரே மழையில் எல்லாம் முளைத்துவிடாது, சில வருடம் விட்டுவிட்டு முளைக்கும். அதனால் முதல் வருடம் மூன்று முறை, அடுத்த இரண்டு வருடம் இரண்டிரண்டு முறை கொல்லையைச் சுற்றி வர வேண்டும். ஆவணியில் ஒன்று, கார்த்திகையில் ஒன்று, தை பிறந்ததும் ஒன்று. மழை பெய்த மறுநாள் போனால் ஒரு சாண் கன்று இரண்டு விரலால் இழுத்தாலே வேரோடு வந்துவிடும், கருவியே தேவையில்லை. முழங்கால் உயரம் வரட்டும் என்று விட்டால் மறுபடி கடப்பாரை. முதல் வருடம் மூன்று முறைக்கும் இரண்டு பெண்களை ஒவ்வொரு நாள் வைத்துக்கொண்டேன், 2,700 ஆனது. அடுத்த வருடம் நானும் என் மகளுமே முடித்துவிட்டோம்.

எங்கே தேடுவது என்பதற்கு ஒரு குறுக்குவழி: பறவை உட்காரும் இடத்துக்குக் கீழே. வேப்பமரத்தடி, புளியமரத்தடி, கரண்டுக் கம்பி போகும் பாதை, வேலிக்கல் ஓரம். கொல்லை முழுக்க நடந்து காலை வலிக்க விடாமல் நேராக அங்கே போங்கள். போன தையில் நான் போனபோது கொள்ளு அறுத்த தரையில் ஒன்றுகூட இல்லை, வேப்பமரத்தடியில் மட்டும் பதினொன்று, கிளையில் மைனா உட்கார்ந்திருந்தது.